இரண்டாவது ஆல்பத்திலும் கோபமா, அம்மணி?

ஒரு பெண் கோபப்படலாம். இசைத்தொழில் அதற்கு மனமுவந்து அனுமதி கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு தடவைதான். முதல் ஆல்பத்தில் தொண்டை கிழியக் கத்துங்கள், 'புதிய குரல்' என்று அட்டைப்படம் போடுகிறோம். கண்மையைக் கலைத்துக்கொண்டு முறைத்தபடி நில்லுங்கள், புகைப்படக்காரரை அனுப்பிவைக்கிறோம். 'அடங்க மறுக்கும் பெண்கள்' என்ற தலைப்பைக்கூட நாங்களே யோசித்து வைத்திருக்கிறோம், உங்களுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே கோபத்தோடு மறுபடி வாசலில் வந்து நின்றால் எப்படி, அம்மணி? போன தடவையே கைதட்டிவிட்டோமே. அத்தோடு பிரச்சினை தீர்ந்துபோயிற்று என்றல்லவா நினைத்தோம்?

ஆண்களின் பேண்டுகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. பதினெட்டு வயதில் தன்னை விட்டுப் போன ஒருத்தியை நினைத்து ஒருவர் முதல் ஆல்பத்தில் புலம்புவார். இரண்டாவதிலும் அவளேதான். ஐந்தாவது ஆல்பம் வருவதற்குள் பாடகருக்கு மூன்றாவது கல்யாணமே முடிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பழைய பெண் அதே மழையில், அதே ரயில் நிலையத்தில், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பாள். விமர்சகர்கள் இதற்குப் 'பிடிவாதமான கலைஞன்' என்று பெயர் சூட்டுவார்கள். ஒரே காயத்தை நாற்பது வருடம் கிளறும் துணிச்சலைப் பாராட்டி வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுப்பார்கள். ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி இரண்டாவது தடவை வாயைத் திறந்தால் மட்டும் 'அரைத்த மாவு' என்று கொட்டாவி வந்துவிடும். அந்தக் கொட்டாவிக்குக் கைவிரலால் சொடக்குப் போட்டுக்கொண்டே இரண்டு நட்சத்திரமும் கொடுத்துவிடுவார்கள்.

'ட்ரீம் வைஃப்' என்ற மூவர் பேண்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனில் கலை படித்துக்கொண்டிருந்த ராக்கெல் மியோல், ஆலிஸ் கோ, பெல்லா போட்பாடெக் மூவரும் 2014-இல் ஒரு கண்காட்சிக்காகப் பொய்யாக ஒரு 'கேர்ள் பேண்ட்' கட்டினார்கள். கேலிக்குக் கட்டியது நிஜமாகிவிட்டது. பெயரும் கேலிதான்: ஆண்கள் கனவில் வரும் அந்த உத்தம மனைவி. 2018 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது பத்திரிகைகளுக்கு ஒரே குஷி. சத்தம் போடும் இளம் குழு, சிரிக்கவும் தெரிகிறது, படம் எடுத்தால் நன்றாகவும் விழுகிறது. இதைவிட என்ன வேண்டும்?

2020 ஜூலை 3 அன்று அவர்களுடைய இரண்டாவது ஆல்பம், 'சோ வென் யூ கானா...' வந்தது. கொரோனாவில் பிரிட்டனின் அரங்குகள் பூட்டிக் கிடந்த காலம். ஒரு கச்சேரி கிடையாது, மேடைக்கு முன்னால் குதிக்க ஒரு ஆள் கிடையாது. அப்படியும் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 18-ஆம் இடத்துக்கு வந்தது. அதில் 'டெம்பரரி' என்ற பாட்டு, கருச்சிதைவைத் தாங்கிய ஒரு தோழிக்காகப் பாடியது. 'ஆஃப்டர் தி ரெயின்' கருக்கலைப்பைப் பற்றியது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த ஆல்பம் அங்கே வந்ததும் நிதானமாகிவிடும். தலைப்புப் பாட்டில் ஆசைப்படும் பெண் தானே முந்திக்கொண்டு கேட்கிறாள், சம்மதம் கேட்பதும் அந்த ஆசைக்குள்ளேயே இருக்கிறது. 'கேட்டுவிட்டால் ரொமான்ஸ் போய்விடும்' என்று வருத்தப்படும் பெருந்தகைகள் அந்தப் பாட்டை ஒரு தடவை கேட்கலாம். கேட்காமல் எதையாவது செய்யும் பழக்கம் அவர்களுக்கு இருப்பதால்தான் இந்தச் சிபாரிசு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பாப் இசை பிறந்த நாளிலிருந்து படுக்கையறைக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உதட்டுக்குப் பாட்டு, இடுப்புக்குப் பாட்டு, காரின் பின்சீட்டுக்குப் பாட்டு, விடியும்வரை என்பதற்கு ஆயிரம் பாட்டு. அந்த இரவுக்குப் பிறகு ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் மட்டும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கோரஸில் கூடவே பாடிய ஒருவரும் மருத்துவமனை வரை வருவதில்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு வானொலியில் பாட்டு இல்லை. கரு கலைந்து ரத்தமாகப் போனவளுக்கு, 'அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவளுக்குப் பாட்டு இல்லை. அதை யாராவது எழுதிவிட்டால், 'இதெல்லாம் ரொம்ப அந்தரங்கமாயிற்றே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இடுப்பின் வளைவை ஊரறியப் பாடும்போது அந்த அந்தரங்கம் எங்கே போயிருந்தது என்று கேட்கக் கூடாது.

இதெல்லாம் பழைய கதை, பாட்டிகள் காலத்திலேயே போராடித் தீர்த்தாயிற்று என்றும் சிலர் சொல்வார்கள். எந்தப் பாட்டியின் காலம்? அந்த ஆல்பம் வந்த அதே நாட்டின் ஒரு பகுதியான வட அயர்லாந்தில் 1861-ஆம் வருடச் சட்டம் 2019 அக்டோபர் வரை உயிரோடு இருந்தது. கருவைக் கலைத்தால் ஆயுள்தண்டனை வரை கொடுக்கலாம் என்பது அந்தச் சட்டம். விக்டோரியா மகாராணியின் கணவர் உயிரோடிருந்தபோது எழுதியது! அது நீங்கி ஒன்பது மாதம்கூட ஆகாதபோது 'ஆஃப்டர் தி ரெயின்' வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2022 ஜூன் 24 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் தானே கொடுத்த கருக்கலைப்பு உரிமையைத் தானே பிடுங்கிக்கொண்டது. அரைத்த மாவாம். மாவை அரைத்து முடித்த பிறகு நெல்லைத் திரும்ப வயலுக்குக் கொண்டுபோய் நடுபவர்கள் யார் என்று விமர்சகப் பெருமக்கள் எழுதினால் தேவலை.

இந்த ஆல்பத்தில் காதில் விழாத ஒரு விஷயமும் இருக்கிறது. தயாரித்தவர் இத்தாலியில் பிறந்த மார்த்தா சலோன்யி. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிரேஸ் பேங்க்ஸ். மாஸ்டரிங் செய்தவர் எகிப்தில் பிறந்த ஹெபா காட்ரி. எல்லோரும் பெண்கள். செய்தி வந்த இடத்திலெல்லாம் இதைத் தனியாகக் குறிப்பிட்டார்கள், ஏதோ கோழிக்குப் பல் முளைத்த மாதிரி. எனக்கு ஒரு ஆசை. ஆண்கள் மட்டுமே சேர்ந்து பதிவு செய்த ஆல்பங்கள் மீதெல்லாம் 'முழுக்க முழுக்க ஆண்களால் செய்யப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உலகத்துப் பசை தீர்ந்துவிடும்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று 2012 முதல் 2017 வரை அமெரிக்காவில் அதிகம் ஓடிய 600 பாட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. பாடியவர்களில் பெண்கள் 22.4 சதவீதம். பாட்டு எழுதியவர்களில் 12.3 சதவீதம். தயாரிப்பாளர்களை எண்ணியபோது கிடைத்தது 2 சதவீதம். அதாவது கண்ணாடி அறைக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால் நின்று உருகிப் பாட ஒரு பெண்ணை விடுவோம். இந்தப் பக்கம், அவள் குரல் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொத்தானில் கை வைக்க விடமாட்டோம். பாட்டில் அவள் 'நான் யாருக்கும் அடங்கமாட்டேன்' என்று முழங்கும்போது நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு அண்ணன் அந்த முழக்கத்தை நாலு டெசிபல் குறைப்பார். புரட்சிக்கு ஒலியளவு வைப்பவர் எப்போதும் அண்ணன்தான்.

அந்த ஆய்வு வெளியான அதே 2018 ஜனவரியில்தான் கிராமி விழாவும் நடந்தது. மேடையில் பெரும்பாலும் ஆண்களே வரிசையாக வந்து விருதை வாங்கிக்கொண்டு போனார்கள். ஏன் இப்படி என்று நிருபர்கள் கேட்டதற்கு, கிராமி விருதுகளை நடத்தும் அமைப்பின் தலைவர் நீல் போர்ட்னோ ஒரு அருள்வாக்கு சொன்னார்: பெண்கள் முன்வர வேண்டுமாம், இன்னும் ஒரு படி ஏற வேண்டுமாம். ஏணியைத் தூக்கி அட்டத்தில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே நிற்பவளைப் பார்த்து 'ஏன்மா ஏறமாட்டேங்குற' என்று அக்கறையாக விசாரிப்பதற்கு ஒரு முதிர்ச்சி வேண்டும். பிறகு தான் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார், 2019-இல் பதவியை விட்டுப் போனார். கிராமியில் வருடத்தின் சிறந்த தயாரிப்பாளர் விருது 1975 முதல் கொடுக்கப்படுகிறது. கிளாசிக்கல் அல்லாத இசைக்கான அந்த விருதை இதுவரை ஒரு பெண்ணும் வென்றதில்லை. அரை நூற்றாண்டாக எந்தப் பெண்ணும் ஒரு படி ஏறவில்லை போலிருக்கிறது. முட்டி வலியாக இருக்கும்.

பாடகி மட்டும் தப்பித்தாளா என்றால், அவளுக்கு வேறு கவனிப்பு காத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த 'சர்ச்சஸ்' பேண்டில் மூன்று பேர்: லாரன் மேபெரி, இயன் குக், மார்ட்டின் டோஹர்ட்டி. மேபெரி சட்டம் படித்தவர், பிறகு பத்திரிகைத்துறையில் முதுகலையும் முடித்தவர். முதல் ஆல்பம் வந்த 2013-லேயே தனக்கு இணையத்தில் வரும் வக்கிரங்களையும் பாலியல் மிரட்டல்களையும் பற்றி 'தி கார்டியன்' நாளிதழில் கட்டுரை எழுதி, இதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து இரண்டாவது ஆல்பம். 2015 ஆகஸ்டில் அதிலிருந்து 'லீவ் எ டிரேஸ்' பாட்டின் வீடியோ வந்தது. நீதிமன்றம் உடனே கூடியது. வழக்கு என்ன? பாடகி குட்டையான உடை போட்டிருந்தார், தலைமுடி ஈரமாக இருந்தது. வக்கிரத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவர் முழங்காலைக் காட்டலாமா? கட்டுரை எழுதிய அன்றே கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டிருக்க வேண்டாமா? பெயர் சொல்லத் துணியாத நீதிபதிகள் இணையத்தில் இதைப் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். அந்த வசவுகளின் சுட்டியை மேபெரி அப்படியே எடுத்து வெளியே போட்டார்: பெண் வெறுப்பு இல்லை என்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. ஒரே பேண்டில் இருந்த மற்ற இருவரும் அந்த ஆல்பத்துக்காக என்ன உடுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உலகத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது. அவர்கள் இசைக்கலைஞர்கள் அல்லவா, இசையைத்தானே பார்ப்பார்கள்.

அறிவுஜீவிகளின் சபை இதைவிட நாகரிகமானது. அங்கே உடையைப் பற்றிப் பேசமாட்டார்கள், மூளையைப் பற்றித்தான் பேசுவார்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழை 1967-இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேன் வென்னர் 2023-இல் ராக் இசையின் ஆசான்களைப் பேட்டி கண்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆசான்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள், ஏழு பேரும் வெள்ளையர்கள். பெண்கள் எங்கே என்று 'நியூயார்க் டைம்ஸ்' கேட்டது. அந்த அறிவுத்தளத்தில் தெளிவாகப் பேசக்கூடிய பெண்கள் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். பாடகி ஜோனி மிட்செல்கூட ராக் இசையின் தத்துவவாதி இல்லையாம். கறுப்பினக் கலைஞர்களுக்கும் ஏறக்குறைய அதே மரியாதைதான். பேட்டி வந்த மறுநாளே, தான் தொடங்கக் காரணமாக இருந்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள், அவரும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவர்மேல் தனிக்கோபம் இல்லை. மற்றவர்கள் ஐம்பது வருடமாக அட்டைப்படத் தேர்விலும் நட்சத்திர மதிப்பெண்ணிலும் நைசாகச் சொல்லிவந்ததை அவர் பேட்டியில் பச்சையாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். எந்தப் பாட்டு பெரிய பாட்டு, எந்தக் கோபம் உலகளாவிய கோபம், எது வெறும் பெண்பிள்ளை முணுமுணுப்பு என்று அளக்கும் படிக்கல் அந்த மாதிரி அறைகளில்தானே செய்யப்பட்டது.

மேடைக்கு வருவோம். 2018-இல் லண்டனின் வயர்லெஸ் இசைத் திருவிழா அறிவித்த மூன்று நாள் பட்டியலில் பெண்கள் மூன்றே பேர். பாடகி லில்லி ஆலன் அந்தச் சுவரொட்டியிலிருந்து ஆண்களின் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு வெளியிட்டார், கிரிக்கெட் ஆடலாம் போல அவ்வளவு வெற்றிடம். 2020 பிப்ரவரியில் 'தி 1975' பேண்டின் மேட்டி ஹீலி, ஆண்களும் பெண்களும் சமமாக இருக்கும் திருவிழாக்களில் மட்டுமே இனிப் பாட ஒப்புக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தார். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குக் கிடைத்த கைதட்டலைப் பார்த்தீர்களா? பெண்கள் பத்து வருடம் தொண்டை வறளச் சொன்னதை ஒரு ஆண் ஒரு வரியில் சொன்னதும் தலைப்புச் செய்தியாகிவிட்டது. பெண்ணுரிமையைக்கூட ஆண்குரலில் ரீமிக்ஸ் செய்தால்தான் ஹிட் ஆகிறது.

2023-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவின் பிரதான மேடையில் மூன்று இரவுக்கும் தலைமைக் கலைஞர்கள் ஆண்களே: ஆர்க்டிக் மங்கீஸ், கன்ஸ் அண்ட் ரோசஸ், எல்டன் ஜான். அதே வருடம் பிரிட்டனின் 'பிரிட்' இசை விருதுகளில், ஆண் பெண் பிரிவை ஒழித்துச் சமத்துவமாக்கிய 'வருடத்தின் சிறந்த கலைஞர்' பிரிவில் ஐந்து பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஐவரும் ஆண்கள். பிரிவைக் கலைத்ததும் பெண்கள் சமமாக உள்ளே வருவார்கள் என்று நினைத்தார்கள், மொத்தமாக வெளியே போனார்கள். விருதை நடத்துபவர்களின் விளக்கம்: முந்தைய வருடத்தில் பெரிய பெண் கலைஞர்களின் ஆல்பம் அதிகம் வரவில்லை. கிளாஸ்டன்பரியை நடத்தும் எமிலி ஈவிஸின் விளக்கம்: குறை அடியிலேயே இருக்கிறது, ரெக்கார்டு கம்பெனிகளிலும் வானொலியிலும் தொடங்கும் குழாயில் பெண்கள் போதிய அளவு வருவதில்லை. அடுத்த வருடமே டுவா லிபா, சிஸா என்று இரண்டு பெண்களைத் தலைமை மேடையில் ஏற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் குழாய் விளக்கம் அவரோடு முடிவதில்லை. திருவிழாக்காரர் கம்பெனியைக் கை காட்டுவார். கம்பெனி வானொலியைக் காட்டும். வானொலி, கேட்பவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ரசிகரைக் காட்டும். குழாயடியில் விடியற்காலையிலிருந்து குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வால்வைத் திருகும் அதிகாரி மட்டும் 'தண்ணீருக்கு வர விருப்பமில்லை' என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெண்ணியத்தில் காசு இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. காசு இருக்கிறது, பாட்டில் இல்லை, சட்டையில். 2001-இல் 'லெ டிக்ர' என்ற அமெரிக்கப் பேண்ட் தன் இரண்டாவது ஆல்பத்துக்கு 'ஃபெமினிஸ்ட் ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்று பெயர் வைத்தது, பெண்ணியப் பரிசுக் குலுக்கல் என்ற மாதிரி. அதன் பாடகி கேத்லீன் ஹன்னா, அதற்கு முந்தைய 'பிகினி கில்' பேண்ட் காலத்தில் முண்டியடிக்கும் ஆண்களைப் பின்னால் தள்ளிப் பெண்களை மேடைக்கு முன்னால் வரச் சொன்னவர். கேலியாக வைத்த அந்தத் தலைப்பு குறிசொன்னது போலப் பலித்துவிட்டது. குலுக்கல் நடந்தது, பரிசும் விழுந்தது, ஜவுளிக்காரர்களுக்கு. நாம் எல்லோரும் பெண்ணியவாதிகளாக இருக்க வேண்டும் என்று அச்சிட்ட வெள்ளைப் பருத்திச் சட்டையை டியோர் நிறுவனம் 710 டாலருக்கு விற்றது. எல்லோரும் இருக்க வேண்டும்தான், ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் கொஞ்சம் பொறுத்து இருக்கட்டும்.

அதைவிடக் கொடுமை 2019 ஜனவரியில் வெளிவந்தது. பாலினச் சமத்துவத்துக்காக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட, ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாடகிகள் குழுவின் பெயரில் 19.40 பவுண்டுக்கு ஒரு சட்டை விற்றார்கள். அதைத் தைத்தவர்கள் வங்கதேசத்துத் தொழிற்சாலை ஒன்றில் இருந்த பெண்கள், மணிக்கு 35 பென்ஸ் கூலிக்கு. இலக்கை முடிக்காவிட்டால் வாயில் வராத வசவு வேறு. 'தி கார்டியன்' இதை அம்பலப்படுத்தியதும் பாடகிகளும் அந்தத் தொண்டு நிறுவனமும் அதிர்ந்துபோனார்கள். சட்டை தைக்கும் நிறுவனம் மாறியது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். தெரியாமல்தான் இருந்திருக்கும். தெரியாமலே இருக்கும்படிதானே இந்த வியாபாரம் முழுவதும் தைக்கப்பட்டிருக்கிறது. 'பெண் சக்தி'யின் பெயரால் விற்ற துணிக்குள் இருந்த பெண்ணின் சக்தி ஒரு மணி நேரத்துக்கு 35 பென்ஸ். லண்டனில் அந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்காது. பெண்ணியப் பாட்டை ரசிக்கும் நம்மைப் போன்றவர்கள் காலரைத் திருப்பி லேபிளைப் படிக்கப் பழகாதவரை, விமர்சகர்களை மட்டும் திட்டி நல்ல பிள்ளையாகிவிட முடியாது.

இவ்வளவு சொன்னதற்காக ட்ரீம் வைஃபின் அந்த ஆல்பத்தைப் பூஜையறையில் வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் சுமாரான பாட்டுகளும் இருக்கின்றன. விளையாட்டு மைதானத்தைக் கிண்டல் செய்யும் 'ஸ்போர்ட்ஸ்!' என்ற பாட்டில் ஜோக் முடிந்த பிறகும் பாட்டு முடியமாட்டேன் என்கிறது. போகட்டுமே. ஒரு ஆல்பத்தில் நாலு பாட்டு நன்றாகவும் நாலு பாட்டு சுமாராகவும் இருப்பது ராக் இசையில் ஆண்கள் பரம்பரையாக அனுபவித்துவரும் சொத்து. சுமாரான ஆண் பேண்ட் சுமாரான பேண்டாகவே பார்க்கப்படும், அதைக் காட்டி ஆண்களுக்குக் கிட்டார் வராது என்று யாரும் தீர்ப்பெழுதமாட்டார்கள். ஒரு பெண் தவறான ஸ்வரத்தைத் தொட்டால் மட்டும் பூமியின் பாதி மக்கள்தொகை அபஸ்வரமாகப் பாடியதாகக் கணக்கு. சுமாராக இருக்கும் உரிமையைக் கேட்டு யாரும் கோஷம் போடுவதில்லை, கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். எனக்குக் கூச்சமில்லை. அந்த உரிமை கிடைக்கும்வரை மேதைகளுக்கு மட்டும் திறக்கும் கதவைக் காட்டி 'பார், திறந்துதானே இருக்கிறது' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

2023 ஜூனில் அவர்களுடைய மூன்றாவது ஆல்பமும் வந்தது. தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஆலிஸ் கோ. ஏணி வரும் என்று காத்திருக்கவில்லை, சுவரைப் பிடித்தே ஏறிவிட்டார். எல்லோராலும் அப்படி ஏற முடியாது. ஏற முடியாதவர்களைப் பற்றி ஒரு அறிக்கை இருக்கிறது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பெண்கள் மற்றும் சமத்துவக் குழு 2024 ஜனவரி 30 அன்று 'இசையில் பெண் வெறுப்பு' என்ற அறிக்கையை வெளியிட்டது. கிட்டார் பிடித்த கோபக்காரிகள் எழுதியது இல்லை, கட்சி வேறுபாடு இல்லாமல் எம்.பி.க்கள் சேர்ந்து எழுதியது. தலைவர் கரோலின் நோக்ஸ் அன்றைய ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். இசைத்தொழில் இன்னமும் ஆண்களின் சங்கமாகவே இருக்கிறது என்றது அறிக்கை. பெண்கள் எவ்வளவு காலமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், அதையே நாடாளுமன்ற முத்திரையோடு வாசித்தால்தான் காதில் விழுகிறது. ஸ்டூடியோ, கச்சேரிச் சுற்றுப்பயணம், இரவு நேர வேலை எல்லாவற்றிலும் பாலியல் தொந்தரவு இருக்கிறது. பெரும்பாலானோர் நிரந்தர ஊழியர்கள் இல்லை, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வருபவர்கள். அதனால் சட்டத்தின் பாதுகாப்பில் ஓட்டைகள். புகார் சொன்னால் அடுத்த வேலை வராது. அதையும் மீறிச் சொன்னவளிடம் பணத்தைக் கொடுத்து, இனி இதைப்பற்றி எங்கும் வாய் திறக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். செய்தவனுக்குத் தண்டனை கிடையாது. கேட்டவளுக்கு வாய்ப்பூட்டு, அதுவும் சட்டப்படி, வக்கீல் வைத்து, சாட்சிக் கையெழுத்தோடு.

குழு கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. தனித்தொழில் செய்பவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு கொடுங்கள், தொந்தரவு வழக்குகளில் இந்த வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களைத் தடை செய்யுங்கள், புகார் கொடுக்க மூன்று மாதம் என்பதை ஆறு மாதமாக்குங்கள். அதே வருடம் ஏப்ரலில் அன்றைய அரசின் பதில் வந்தது. ஏற்கெனவே இருக்கும் சட்டமே போதும் என்ற தோரணையில் பிரதானமான பரிந்துரைகளை நிராகரித்துவிட்டார்கள். முதல் ஆல்பத்துக்காவது கைதட்டல் கிடைக்கும், இந்த அறிக்கைக்கு அதுவும் இல்லை.

அறிக்கையில் ஒரு இடம் உண்டு. தங்களுக்குக் கிடைத்த சாட்சியத்தில் பெரும்பகுதியை வெளியிட முடியவில்லை, ரகசியமாகவே வைக்க வேண்டியிருந்தது என்று எம்.பி.க்களே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றியும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களைப் பற்றியும் அதில் இருக்கிறதாம். சாட்சி சொன்னவர்கள் பயத்திலும் ஒப்பந்தத்திலும் கட்டுப்பட்டுக் கிடக்க, நாடாளுமன்றத்துக்கே வாய் கட்டிப்போயிற்று. அந்தப் பெயர்கள் இன்றும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள்தான். சனிக்கிழமை இரவு டிவியைப் போட்டால் அவர்களில் யாராவது ஒருவர் வந்து, புதிதாகப் பாட வந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து, 'நல்லா பாடறேம்மா, கொஞ்சம் சிரிச்ச முகமா பாடினா இன்னும் நல்லாயிருக்கும்' என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கலாம்.